மங்கூவில் தண்ணீர்தான் கணக்கு

மங்கூ செய்யத் தெரியுமா என்று ஒரு டொமினிக்கன் ஆளிடம் கேட்டுவிடாதீர்கள். ஒரு பார்வை பார்ப்பார்கள். பச்சை வாழைக்காயை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெண்ணெய் போட்டு மசித்து, மேலே வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயத்தைப் போட்டால் முடிந்தது, இதில் தெரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். அதே ஆளை அடுத்தவர் வீட்டில் உட்காரவைத்து ஒரு தட்டு மங்கூ கொடுத்துப் பாருங்கள். கெட்டியாக இருக்கிறது, கட்டி தட்டுகிறது, எங்கள் அம்மா செய்தால் இப்படியா இருக்கும் என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். குறை சொல்லிக்கொண்டே தட்டையும் காலி செய்துவிடுவார்கள், அது வேறு.

நான் குடியிருப்பது டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவில். இங்கே வந்த பிறகு பார்த்து, கேட்டு, சமைத்து, சாப்பிட்டு எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: மங்கூ நன்றாக வருவதும் சொதப்புவதும் தண்ணீரில் இருக்கிறது. எந்தத் தண்ணீர், எவ்வளவு, எப்போது ஊற்றுகிறோம் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும். இணையத்தில் இருக்கும் பல செய்முறைகள் இதை ஒரு வரியில், "தேவையான அளவு தண்ணீர் சேர்க்கவும்" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடுகின்றன. அதற்குப் பதிலாக பூண்டு போடு, பால் ஊற்று, கிரீம் சீஸ் கலக்கு என்று அலங்காரம் பண்ணுகிறார்கள். போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு அந்தக் கூட்டணியில் நம்பிக்கை இல்லை.

முதலில் காய். இங்கே ப்ளாத்தனோ என்றால் சமைக்கிற பெரிய வாழை, கினேயோ என்றால் பழமாகச் சாப்பிடுகிற வாழை. மங்கூவுக்கு ப்ளாத்தனோ, அதுவும் கரும்பச்சையாக, கையில் எடுத்தால் கட்டை மாதிரி இருப்பது வேண்டும். கடையில் "வெர்தே", அதாவது பச்சை, என்று சொல்லியே வாங்க வேண்டும். தோலில் லேசாக மஞ்சள் ஓடிவிட்டால் அதை பின்தோன் என்பார்கள். பின்தோனில் மங்கூ செய்தால் கொஞ்சம் இனிக்கும், கொஞ்சம் இழுக்கும், காரணம் உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாற ஆரம்பித்திருக்கும். சில பேருக்கு அந்த லேசான இனிப்பு பிடிக்கும், குழந்தைகளுக்கு அப்படிச் செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பின்தோன் தண்ணீர் குடிக்கிற விதமே வேறு, அதனால் முதல் தடவை செய்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கினேயோவைப் பச்சையாக வேகவைத்து மசித்தும் மங்கூ செய்வார்கள். அது இன்னும் மிருதுவாக, வழவழப்பாக வரும், விலையும் குறைவு. ரூலோ என்று இன்னொரு குட்டையான, பட்டையான வாழை உண்டு, அதிலும் செய்யலாம். நம் ஊரில் இருந்து படிப்பவர்கள் தேடிப் போக வேண்டியது நேந்திரங்காய். அது ப்ளாத்தனோ வகையறாவைச் சேர்ந்ததுதான். மொந்தனில் செய்தால் ரூலோ மங்கூ பக்கம் வரும், மோசமில்லை, ஆனால் தண்ணீரைக் குறைத்து ஆரம்பிக்கவும்.

இந்த ஊரில் காய் வாங்குவது தனி அனுபவம். தெருமுனைக்குத் தெருமுனை கொல்மாதோ என்ற மளிகைக்கடை இருக்கும். ப்ளாத்தனோவை எடை போட்டுத் தர மாட்டார்கள், எண்ணிக்கைக் கணக்குதான். வேண்டுமானால் ஒன்றே ஒன்றுகூட வாங்கலாம். சலாமி என்கிற பதப்படுத்திய இறைச்சியும் அப்படித்தான், ஐம்பது பேசோவுக்கு சலாமி கொடு என்றால் அந்த அளவுக்கு நறுக்கித் தாளில் சுற்றித் தருவார்கள். கொல்மாதோவுக்குப் போகக்கூட சோம்பலாக இருந்தால் காத்திருந்தால் போதும், ஒலிபெருக்கி கட்டிய பிக்கப் வண்டி தெருவுக்கே வரும். பின்பக்கம் முழுக்கப் பச்சைக்காய் குவித்து வைத்திருப்பார்கள், ஒலிபெருக்கியில் காயின் விலையும் பெருமையும் ஒரே மூச்சில் வந்துகொண்டிருக்கும். பெருமை என்றால் பெரும்பாலும் "பராஹோனெரோ", அதாவது பராஹோனா காய். நாட்டின் தென்மேற்கில் இருக்கிற பராஹோனா பக்கத்துக் காய்க்கு இங்கே தனி மரியாதை. வண்டியில் இருப்பதெல்லாம் நிஜமாகவே பராஹோனாவிலிருந்து வந்ததா என்று கேட்கக் கூடாது. மொத்தமாக வேண்டுமென்றால் துவார்த்தே அவென்யூவில் இருக்கிற மெர்க்காதோ நுவேவோ சந்தைக்குப் போகலாம், அங்கே அதிகாலையில் லாரி லாரியாக இறங்கும்.

சரி, நாலு பெரிய காய் எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் முட்டை, சீஸ் எல்லாம் வைத்துச் சாப்பிட்டால் நாலு பேருக்கு வரும், நல்ல பசியில் இருந்தால் மூன்று பேருக்கு.

தோல் உரிப்பதுதான் இந்தச் சமையலிலேயே எரிச்சலான வேலை. பச்சைக் காய்த் தோல் பழத்தோல் மாதிரி கையோடு வராது. இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு, காயின் நீளவாட்டில் இருக்கிற விளிம்புகளை ஒட்டிக் கத்தியால் தோல் ஆழத்துக்கு மட்டும் இரண்டு மூன்று கீறல் போட்டு, கட்டைவிரலை உள்ளே நுழைத்து நெம்பி எடுக்க வேண்டும். பால் வடியும். அந்தப் பால் கையில் பட்டால் கறுக்கும், துணியில் பட்டால் போகவே போகாது. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு செய்வது ஒரு வழி, ஓடும் தண்ணீருக்கு அடியில் வைத்து உரிப்பது இன்னொரு வழி. உரித்த காயை வெளியில் வைத்துவிட்டு போன் பார்க்கப் போகாதீர்கள், காற்றுப்பட்டால் கறுத்துப்போய் மங்கூ சாம்பல் நிறத்தில் வரும். நல்ல மங்கூ வெளிர் மஞ்சளாக, கிரீம் நிறத்தில் இருக்க வேண்டும். உரிக்க உரிக்க நேராகத் தண்ணீரில் போடுவதுதான் உத்தமம்.

சிலர் தோலோடு வேகவைத்து அப்புறம் உரிக்கிறார்கள். சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் உப்பு உள்ளே சரியாக இறங்காது, வேகிற தண்ணீரும் கறுத்துத் துவர்ப்பாகிவிடும். அந்தத் தண்ணீர் நமக்குப் பின்னால் தேவைப்படப் போகிறது. அதனால் நான் உரித்துத்தான் போடுகிறேன்.

ஒவ்வொரு காயையும் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, அப்புறம் குறுக்கே இரண்டு மூன்று துண்டு. நடுவில் மெல்லிய நரம்பு மாதிரி ஒரு பகுதி, குட்டிக் குட்டி விதைப் புள்ளிகளோடு இருக்கும். அதைக் கத்தி நுனியால் கிள்ளி எடுத்துவிட்டால் மங்கூ இன்னும் வழவழப்பாக வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. விருந்தாளி வந்தால் எடுக்கிறேன், எனக்கே என்றால் விட்டுவிடுகிறேன்.

பாத்திரத்தில் காய்த்துண்டுகள் மூழ்கி மேலே இரண்டு விரல் அளவு நிற்கிற மாதிரி தண்ணீர். ஒன்றரை டீஸ்பூன் உப்பு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் காய்ப்பால் பாத்திரத்தின் உள்பக்கம் கறை வளையமாகப் பிடிப்பது குறையும். மூடிவைத்துக் கொதிக்கவிட்டால் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். முள்கரண்டி குத்தினால் இறங்குகிறதே என்று அவசரப்பட்டு இறக்காதீர்கள். துண்டுகளின் ஓரம் வெடித்து விரிய ஆரம்பிக்க வேண்டும், முள்கரண்டியைப் பக்கவாட்டில் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். முக்கால் வேக்காட்டில் எடுத்த காயை எத்தனை பலத்தோடு மசித்தாலும் குருணைக் குருணையாகத்தான் நிற்கும், தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் குருணை கரையாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காய் வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு பெரிய கப் வெந்த தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை வடியுங்கள். இங்கே இந்த ஊர்ச் சமையல்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி, மசிக்கும்போது வெந்த தண்ணீரையே ஊற்ற வேண்டும் என்பது. உப்பு அதில் இருக்கிறது, காயின் மாவும் அதில் கரைந்திருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறு தண்ணீர் எதற்கு என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சி, குளிர்ந்த தண்ணீர்தான், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தது, அது ஊற்றினால்தான் மங்கூ பஞ்சு மாதிரி நிற்கும், ஆறினாலும் கல்லாகாது என்கிறது. எங்கள் மாடி வீட்டு தோன்யா இரண்டாவது கட்சியில் தீவிர உறுப்பினர். தோன்யா என்பது இங்கே வயதில் மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் விதம், என்னை அவர் "மிஹா" என்பார், மகளே என்று. "சூடான தண்ணீர் ஊற்றினால் அது பசை, மிஹா. சுவரில் போஸ்டர் ஒட்டலாம்" என்று ஒரு நாள் படியில் நின்றுகொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். கீழே கொல்மாதோ வைத்திருப்பவர் முதல் கட்சி. இவர்கள் இருவர் முன்னாலும் இந்தப் பேச்சை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை.

பச்சை ப்ளாத்தனோவில் தண்ணீரைக் கழித்துவிட்டால் மீதி பெரும்பாலும் மாவுச்சத்துதான். கொதிக்கிற தண்ணீரில் அந்த மாவுத்துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பி இளகிவிடும். அடுப்பை விட்டு இறக்கி ஆற ஆரம்பித்தவுடன் அதே மாவு திரும்ப நெருங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுக ஆரம்பிக்கும். மசித்தபோது பதமாக இருந்தது தட்டுக்கு வரும்போது கெட்டியாகிவிடுவதற்கு இதுதான் காரணம். அதனால் பாத்திரத்தில் இருக்கும்போது மங்கூ உங்களுக்குச் சரியாகத் தெரிகிற பதத்தைவிட ஒரு படி தளர்வாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் உருண்டையாக நிற்கக் கூடாது, சோம்பலாகச் சரிந்து விழ வேண்டும். "ஐயோ, தண்ணியாகிவிட்டதே" என்று லேசாகப் பயம் வருகிற இடத்தில் நிறுத்தினால், வெங்காயத்தை அள்ளிப்போட்டு மேஜைக்குக் கொண்டுபோவதற்குள் அது சரியான இடத்துக்கு வந்திருக்கும்.

வெண்ணெய்க்கும் இதில் ஒரு வேலை உண்டு, ருசிக்கு மட்டும் இல்லை. கொழுப்பு மாவுச்சத்தோடு பிணைந்துகொண்டு அது திரும்ப இறுகுவதைத் தாமதப்படுத்தும். அதனால் வெண்ணெய் முதலில், தண்ணீர் அப்புறம். வடித்தவுடன், காய் ஆவி பறக்கச் சூடாக இருக்கும்போதே நாலு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போட்டு, முதலில் தண்ணீரே இல்லாமல் மசியுங்கள். கட்டியெல்லாம் இந்தக் கட்டத்திலேயே உடைந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு கட்டியை உடைக்கப் பார்த்தால் அது வழுக்கி வழுக்கி ஓடும், பிடிக்கவே முடியாது. மசித்து முடித்ததும் வெந்த தண்ணீரில் கால் கப் ஊற்றிக் கலக்குங்கள், உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு கால் கப். அதற்குப் பிறகு நான் கட்சி மாறிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீரை எடுத்து, கரண்டி கரண்டியாக, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் வேகமாக அடிப்பேன். உப்பும் மாவும் வெந்த தண்ணீரில் கிடைத்துவிட்டது, கடைசி இளக்கம் குளிர்ந்த தண்ணீரில் நிதானமாகக் கைக்குப் பிடிபடுகிறது. நாலு காய்க்கு மொத்தம் முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை தண்ணீர் போகும், காயைப் பொறுத்தது. தோன்யாவிடம் இதைச் சொன்னபோது, கடைசியில் ஊற்றியது எந்தத் தண்ணீர் என்று மட்டும் கேட்டார். குளிர்ந்தது என்றேன். "அப்படியானால் நீ எங்கள் பக்கம்தான்" என்று சேர்த்துக்கொண்டுவிட்டார்.

மசிக்க முள்கரண்டி போதும், மரமத்து இருந்தால் இன்னும் சௌகரியம். மிக்சி, பிளெண்டர் பக்கம் போகவே போகாதீர்கள். பிளேடு காயின் செல்களையெல்லாம் கிழித்து உள்ளிருக்கும் மாவு முழுவதையும் வெளியே விட்டுவிடும், கிடைப்பது தோன்யா சொன்ன அதே போஸ்டர் பசை.

இந்தத் தண்ணீர் விஷயம்தான் மங்கூவை அதன் உறவுக்காரப் பதார்த்தங்களிடமிருந்து பிரிக்கிறது என்று எனக்குத் தோன்றும். பக்கத்துத் தீவான போர்ட்டோ ரிக்கோவில் மொஃபோங்கோ என்று ஒன்று உண்டு, அதே பச்சைக் காய்தான், ஆனால் எண்ணெயில் பொரித்து, உரலில் பூண்டும் மொறுமொறு பன்றித்தோலும் சேர்த்து இடிப்பது, உருண்டையாகத் திடமாக நிற்கும். கியூபாவில் ஃபுஃபூ. கொலம்பியாவின் கரீபியக் கரையில் சாந்தா மார்த்தா பக்கம் பச்சை கினேயோவை மசித்து மேலே சீஸ் துருவிப் போடுகிற காயெயே. எல்லாமே ஒரே குடும்பம். வேகவைத்ததையோ பொரித்ததையோ மசித்துச் சாப்பிடுகிற இந்தப் பழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு வரப்பட்ட மக்களோடு கரீபியனுக்கு வந்தது, கியூபாக்காரர்கள் அந்த ஆப்பிரிக்கப் பெயரைக்கூட மாற்றவில்லை, அங்கே இன்றும் ஃபுஃபூ அதே பெயரில் இருக்கிறது. வாழை மட்டும் வேறு கப்பலில் வந்தது. 1516இல் ஃப்ராய் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கேனரித் தீவுகளிலிருந்து வாழையை இந்தச் சாண்டோ டொமிங்கோவுக்குக் கொண்டுவந்தார் என்று அந்தக் காலத்து வரலாற்றாளர் ஓவியேதோ எழுதிவைத்திருக்கிறார். பின்னால் பனாமாவுக்கு பிஷப்பாகி, 1535இல் பெருவுக்குப் போகிற வழியில் காற்றில்லாமல் கப்பல் திசைமாறி கலாபகோஸ் தீவுகளில் போய் நின்ற அதே பெர்லாங்காதான். அந்த மனிதரின் வாழ்க்கையில் கலாபகோஸைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், வாழைக்கன்று பெரிய சம்பவம் என்பது என் கட்சி.

வெங்காயத்துக்கு வருவோம். பெரிய சிவப்பு வெங்காயம் இரண்டு, வளையமாக, ரொம்ப மெல்லியதாக இல்லாமல். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சூடாக்கி வெங்காயத்தைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகரும் கொஞ்சம் உப்பும். வினிகரின் புளிப்பு பட்டதும் அந்த மங்கலான ஊதா சட்டென்று பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும், பார்க்கவே அழகு. கண்ணாடிபோல ஆனதும், கடித்தால் இன்னும் நறுக்கென்று சத்தம் வருகிற நிலையில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். வதங்கிச் சுருண்டு பழுப்பாகிவிட்டால் மங்கூவுக்கு எதிர்ப்பாட்டு பாட ஆளில்லாமல் போய்விடும். மிருதுவான, மந்தமான ஒன்றின் மேல் புளிப்பும் நறுக்கும் விழுவதுதான் இந்தச் சாப்பாட்டின் மொத்த ரகசியமும், அதனால் வெங்காயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வாணலியில் மிஞ்சுகிற வினிகர் எண்ணெயையும் மங்கூ மேலேயே ஊற்றிவிடுங்கள்.

மங்கூவைத் தனியாகவும் சாப்பிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் லோஸ் த்ரேஸ் கோல்பேஸ், "மூன்று அடி", இல்லாமல் முடியாது. வறுத்த சலாமி, வறுத்த சீஸ், வறுத்த முட்டை. இந்த சலாமி இத்தாலிக்காரர்கள் காற்றில் உலரவைக்கிற சலாமி இல்லை, ஏற்கெனவே வேகவைத்த, கொஞ்சம் மாவுத்தன்மையோடு இருக்கிற தடித்த உருளை. இந்துவேக்கா கம்பெனிப் பொட்டலம் இல்லாத கொல்மாதோவை நான் பார்த்ததில்லை. மேலுறையை உரித்துவிட்டு அரை விரல் தடிமனுக்கு வெட்டி, ஓரம் கருகுகிற அளவுக்கு வறுக்க வேண்டும். சீஸுக்கு கேசோ தெ ஃப்ரெயிர் என்று கேட்டு வாங்க வேண்டும், வறுப்பதற்கென்றே செய்யும் வெள்ளைச் சீஸ், சூட்டில் உருகி ஓடாது, வெளியே பொன்னிறமாகப் பொரிந்து உள்ளே கிரீச் கிரீச்சென்று இருக்கும். கிடைக்காத ஊரில் ஹலூமி சீஸ் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். முட்டையின் மஞ்சள் கரு ஓடுகிற மாதிரி இருக்கட்டும், அது மங்கூ மேல் உடைந்து வழிந்தால் அதுவும் ஒரு குழம்புதான். எண்ணெய் ஒரே வாணலியில், முதலில் சீஸ், அப்புறம் சலாமி, கடைசியில் முட்டை, இந்த வரிசையில் போனால் எண்ணெய் கடைசிவரை தாங்கும். இறைச்சி சாப்பிடாதவர்கள் சலாமியை விட்டுவிட்டு ஒரு அவகாடோவை வெட்டி உப்புத் தூவி வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அவகாடோ காலத்தில் அது எப்படியும் தட்டில் இருக்கும். பக்கத்தில் கிரேக்கா என்ற அடுப்புக் காபிப் பாத்திரத்தில் இறக்கிய காபி, கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை போட்டு.

இதை முழுத்தட்டாகச் சாப்பிட்டுவிட்டு உடனே வேலைக்கு உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். ப்ளாத்தனோ சாப்பிட்டால் மூளை மந்தமாகும் என்று டொமினிக்கன்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள். அதற்கு அவர்களே வைத்திருக்கிற பதில் "ப்ளாத்தனோ பவர்", பேஸ்பால் மைதானத்தில் டொமினிக்கன் ஆட்டக்காரர் பந்தைச் சுவருக்கு அப்பால் அடித்தால் வரும் வார்த்தை. இந்த நாட்டு ஆட்டக்காரர்கள் பெட்ரோ மார்ட்டினெஸ் 2015இல், டேவிட் ஓர்டிஸ் 2022இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழரங்கத்துக்குள் போனார்கள், மந்தமாவதைப் பற்றி அவர்களிடம் யாராவது போய்ச் சொல்லட்டும்.

இவ்வளவு சாதாரணமாகத் தெரிகிற காய்க்கு, புயல் அடித்தால்தான் மதிப்பு தெரியும். வாழைக்கு உறுதியான தண்டு கிடையாது, வேரும் ஆழமாகப் போகாது, பலத்த காற்று வந்தால் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்துவிடும். புதிதாக நட்டால் குலை வெட்ட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். 1998 செப்டம்பர் 22 அன்று ஜார்ஜ் புயல் நாட்டைக் குறுக்கே கடந்ததைப் பற்றி இங்கே பெரியவர்கள் பேசினால், கூரை போன கதைக்கு அடுத்தது ப்ளாத்தனோ கிடைக்காத கதைதான். 2007இல் அக்டோபர் கடைசியில் நோயல், டிசம்பரில் ஒல்கா என்று இரண்டு புயல் அடுத்தடுத்து வந்தபோது யாக்கே தெல் சூர் ஆறு கரையுடைத்து, பராஹோனாவுக்குப் பக்கத்துத் தமாயோ பகுதி வாழைத்தோட்டங்கள் தண்ணீருக்குள் போயின. ப்ளாத்தனோ விலை ஏறினால் அது செய்தி, அரசாங்கத்தைத் திட்டுவதற்கு அது போதும், கொல்மாதோ வாசலில் அன்று வேறு பேச்சே இருக்காது. காய் விலை ஏறுகிற வாரங்களில் நான் கினேயோ மங்கூவுக்குப் போய்விடுகிறேன். அதற்குத் தண்ணீர் பாதிதான் தேவைப்படும், வெந்த தண்ணீரில் கால் கப்போடு நிறுத்திப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

மிச்சம் வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: முதலில், மிச்சம் வராத அளவுக்குச் செய்யுங்கள், ஏனென்றால் ஃப்ரிட்ஜுக்குள் போன மங்கூ வெளியே வரும்போது செங்கல்லாகத்தான் வரும். அப்படியே மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் காய்ந்து நடுவில் சில்லென்று இருக்கும். செங்கல்லை உடைத்துத் துண்டாக்கி, பாத்திரத்தில் கால் கப் தண்ணீர் ஊற்றி மூடி, சிறு தீயில் ஆவி ஏறவிட்டு, அப்புறம் ஒரு துண்டு வெண்ணெயோடு திரும்ப மசியுங்கள். முதல் நாள் பதம் வராது, முக்கால்வாசி வரும். எனக்கு அதைவிடப் பிடித்தது, கெட்டியான மங்கூவை அப்படியே உள்ளங்கையில் தட்டி நடுவில் ஒரு துண்டு சீஸ் வைத்து மூடி, உருண்டையாக்கி எண்ணெயில் பொரிப்பது. இறுகிப்போனது இங்கே உதவிக்கு வருகிறது, உருண்டை உடையாது. வெங்காயம் மட்டும் வினிகரில் இருப்பதால் ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும், அதனால் நான் எப்போதும் இரண்டு வெங்காயத்துக்குப் பதில் நாலு போட்டுவிடுகிறேன். ஆம்லெட்டுக்கும் ரொட்டிக்கும் அது கேட்காமலே செலவாகிவிடும்.